குளிர்காலத்தில் வீட்டுச் சுவரில் பூசணம் பற்றாதிருக்கும் வழி

(நீலகிரி மலைக் கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான சொற்பொழிவு)



நீலகிரி மலைக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம் உண்டு. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இவ்விரண்டும் ஓய்ந்தபின் மார்கழி தை மாதங்களில் வானம் தெளிந்து இரவில் உறைபனி விழும். மழைக்காலத்தில் வீடு ஈரமாயிருப்பது கண்டு ஒருவரும் வியப்படைவதில்லை. மழை நின்று பல நாளான பிறகு, வெளியே புல் கருகிக் காய்ந்து நிற்கும் காலத்தில், வீட்டின் உட்சுவரில் கறுப்புப் புள்ளிகள் தோன்றிப் படர்வதே பலருக்கும் விளங்காத காரியமாக இருந்து வருகிறது. மழையில் குடித்த நீரைச் சுவர் இப்பொழுது கக்குகிறது என்பர் சிலர். குளிரே இவ்விதம் பூக்கிறது என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் முழு உண்மையல்ல. கூரை ஒழுகாத வீட்டில், குளிர்காலத்தில் சுவரை நனைக்கும் நீரைப் பெரும்பாலும் உண்டாக்குபவர் அவ்வீட்டாரே. அந்நீரை வெளியேறவொட்டாமல் தடுப்பவை குளிருக்கு அஞ்சி மூடிய கதவும் ஜன்னலுமே. இதனை நன்கு உணர்ந்தவர்களுக்குப் பரிகாரத்தில் பாதி கைகூடியதாகும்.

பூசணம் என்பது யாது?

பூசணம் ஓர் உயிர்ப்பொருள். காளான் எவ்வினத்தைச் சேர்ந்ததோ அவ்வினத்தையே சேர்ந்தது. அதன் வித்துகள் கண்ணுக்குப் புலனாகாத தூளாகக் காற்றில் எங்கும் மிதந்து கொண்டிருக்கின்றன. அவ்வித்துகள் நுழையாத வீடு கிடையாது. அதற்கு வேண்டிய உணவும் எங்கும் கிடைக்கிறது. மரம், காகிதம், துணி, தோல், சுவரின்மேல் படிந்த தூசி, வர்ணத்திலுள்ள பசை ஆகிய இவையாவும் அதற்கு ஆகாரமே. வித்தையும் தடுக்க முடியாது. உணவையும் முற்றிலும் நீக்க முடியாது. எஞ்சியது நீர் ஒன்றே. நீரை மறுத்தால் பூசணம் வளராது. சுவர் நனைந்து சொட்ட வேண்டும் என்பதுமில்லை. சுவரை ஒட்டியுள்ள காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சில நாட்கள் தொடர்ந்து நின்றாலே அதற்குப் போதும்.

ஈரம் வரும் வழிகள் மூன்று

ஒரு வீட்டினுள் ஈரம் மூன்று வழியாக வரும். வியாதி இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பது வீண் ஆதலால், முதலில் வழியைக் கண்டறிதல் அவசியம்.

முதலாவது, ஒழுக்கு. இது கூரையிலோ குழாயிலோ ஏற்படும் பழுது. மழை பெய்யும்பொழுது மிகும். ஒழுகும் இடத்திற்கு அருகே பழுப்பு நிற விளிம்புடன் கறை காணப்படும்.

இரண்டாவது, ஓதம். தரையிலுள்ள நீரைச் சுவர் திரிபோல் உறிஞ்சிக் கொள்வது இது. தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடி உயரம் வரையில் சுவர் கறுத்து, காரை உதிர்ந்து, வெண்ணிற உப்புப் பூத்திருக்கும். மலைச்சரிவில் மண்ணை வெட்டிக் கட்டிய வீடுகளில், பின்சுவர்மேல் மண் சாய்ந்திருந்தால் இது மிகுதி. அம்மண்ணை விலக்கி, சுவரை ஒட்டிக் கால்வாய் வெட்டி நீரை வடிய விடுவதே பரிகாரம்.

மூன்றாவது, வீட்டுக் காற்றிலுள்ள நீராவி. இதுவே குளிர்காலத்திற்குரியது. இதன் அடையாளங்கள் தெளிவானவை. விடியற்காலையில் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியும். அறையின் மூலைகளிலும், கூரையும் சுவரும் கூடும் இடத்திலும், பீரோவின் பின்புறத்திலும், கட்டிலை ஒட்டிய சுவரிலும் கறுப்புப் புள்ளிகள் தோன்றும். வெயில் படாத வடக்குச் சுவரில் இது முதலில் காணும்.

குளிர்ந்த சுவரில் நீர் எவ்விதம் படிகிறது?

குளிர்ந்த நீர் நிரம்பிய சொம்பை அடுக்களையில் வைத்தால் அதன் வெளிப்புறம் வியர்ப்பதை எல்லோரும் கண்டிருப்பர். சொம்பிலுள்ள நீர் கசிந்து வெளிவரவில்லை. அடுக்களைக் காற்றிலிருந்த ஆவியே குளிர்ந்து சொம்பின்மேல் நீராகப் படிந்தது. குளிர்காலச் சுவரும் அத்தகைய சொம்பே ஆகும்.

வெப்பமான காற்று மிகுந்த ஆவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று குறைந்த ஆவியையே தாங்கும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீரை ஆவியாகத் தாங்க வல்லது. 10 டிகிரியில் அதே காற்று 9 கிராமுக்குச் சற்று மிகுதியாக மாத்திரமே தாங்கும். ஆகவே, அறையின் நடுவில் சுகமாகத் தோன்றும் காற்று, குளிர்ந்த சுவரைத் தொட்டவுடன் தன் சுமையில் ஒரு பகுதியை அங்கே இறக்கி வைத்து விடுகிறது. உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பது. அத்தகைய உயரத்தில், உறைபனி விழும் இரவில் மெல்லிய கான்கிரீட் சுவரும் தகரக் கூரையும் எவ்வளவு குளிரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நீரின் வரவு செலவு

சங்கத்துக் கணக்கைப் பார்ப்பதுபோல் வீட்டு ஈரத்தின் வரவு செலவையும் ஒருமுறை பார்த்தல் நலம்.

முதல் வரவு மூச்சு. நான்கு பேர் ஓர் அறையில் எட்டு மணி நேரம் உறங்கினால், அவர்கள் மூச்சினாலும் வியர்வையினாலும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் அவ்வறைக் காற்றில் சேரும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவும், பத்தடி உயரமும் உள்ள அறையின் காற்று, 18 டிகிரியில் தாங்கக்கூடிய முழு அளவே அரை லிட்டருக்குச் சற்று மிகுதிதான். கதவும் ஜன்னலும் இறுக மூடியிருந்தால் மீதி நீர் எங்கே போகும்? சுவருக்கும் கண்ணாடிக்கும் படுக்கைக்கும் போகும்.

இரண்டாவது வரவு அடுப்பு. உலையிலிருந்து எழும் ஆவியை எல்லோரும் அறிவர். ஆனால் சமையல் எரிவாயு எரியும்பொழுதே நீர் உண்டாகிறது என்பதைப் பலர் அறியார். எரிவாயுவிலுள்ள ஹைட்ரஜன், காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி நீராவியாக மாறுகிறது. வீட்டுக்கு வரும் ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ வாயு உண்டு. அது முழுதும் எரிந்து தீரும்போது சுமார் 22 லிட்டர் நீர் ஆவியாக வெளிப்பட்டிருக்கும். ஒரு சிலிண்டர் ஒரு மாதம் வந்தால், நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் நீர் அடுப்புச் சுடரிலிருந்தே வீட்டினுள் வந்ததாகக் கணக்கு.

மூன்றாவது வரவு ஈரத்துணி. வெயில் இல்லாத நாளில் வீட்டினுள் கொடி கட்டி உலர்த்தும் ஒரு வாளித் துணி, இரண்டு லிட்டருக்குக் குறையாத நீரைக் காற்றில் விடும். துணி உலர்ந்தது என்று மகிழ்வர். அந்நீர் சுவருக்கு மாறியதைக் காணார். இவற்றுடன் குளிக்கும் வெந்நீரின் ஆவியும் சேரும்.

இவ்வளவு வரவுக்கும் செலவு வழி ஒன்றே. காற்று வெளியே போதல் வேண்டும். அவ்வழியை அடைத்த வீட்டில் அன்றாட இருப்பு சுவரில் சேர்ந்து கொண்டே இருக்கும். அவ்விருப்பின்மேல் வளரும் வட்டியே பூசணம்.

முன்னாள் வீடும் இந்நாள் வீடும்

முன்னாள் வீடுகளில் இத்தொல்லை இவ்வளவு இல்லையே என்று முதியோர் கூறுவதில் உண்மை உண்டு. நாட்டு ஓட்டுக்கும் கூரைச் சட்டத்துக்கும் இடையே இருந்த சந்துகள் வழியாக ஆவி இடைவிடாது வெளியேறிற்று. விறகடுப்பு நாள் முழுவதும் கனன்று சுவரைச் சூடாக வைத்தது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை ஏற்றுப் பின் வெளியே விட்டது. ஆயினும் அவ்வடுப்பின் புகை பெண்களின் கண்ணையும் மார்பையும் கெடுத்தது என்பதை மறத்தல் ஆகாது. பழைய புகைக்குத் திரும்புமாறு எவரும் உபதேசிக்க வேண்டுவதில்லை. பழைய வீடு தானாகச் செய்து வந்த காற்றோட்டத்தை, சந்தில்லாத புதிய வீட்டில் மனிதர் அறிந்து செய்தல் வேண்டும் என்பதே கருத்து.

பனிக்காற்றை உள்ளே விடலாமா?

"வெளியே மூடுபனி, ஜன்னலைத் திறந்தால் ஈரம் அல்லவா உள்ளே வரும்?" என்று கேட்பது நியாயமே. குளிர்காலத்தைப் பொறுத்தவரையில் விடை, வராது என்பதே. 8 டிகிரியில் ஈரத்தால் முற்றிலும் நிறைந்த காற்றில்கூட, கன மீட்டருக்கு 8 கிராமுக்குச் சற்று மிகுதியான ஆவியே உண்டு. அக்காற்று வீட்டினுள் வந்து 18 டிகிரிக்குச் சூடேறினால், 15 கிராமுக்கு மேல் தாங்கும் வலிமை பெறுகிறது. அப்பொழுது அதன் ஈரப்பதம் நூற்றுக்கு ஐம்பத்தைந்துக்கும் குறைவே. வெளியே நனைந்ததாகத் தோன்றிய காற்று உள்ளே உலர்ந்த காற்றாகி, அறையின் ஆவியை ஏற்று வெளியேறுகிறது. குளிரும் பனியும் தோல்விக்குக் காரணம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, குளிர்ந்த காற்றே துணை என்பது வியப்பாகத் தோன்றலாம். மழைக்காலத்து வெதுவெதுப்பான ஈரக்காற்றுக்கு மாத்திரம் இவ்விதி பொருந்தாது.

செய்யத்தக்க காரியங்கள்

1. எழுந்தவுடன் எதிரெதிராக உள்ள இரு ஜன்னல்களைப் பத்து அல்லது பதினைந்து நிமிஷம் அகலத் திறந்து வைத்தல் வேண்டும். நண்பகலில் வெயில் உள்ளபோது மறுமுறை திறத்தல் வேண்டும். அவ்வளவு நேரத்தில் காற்று மாறும். சுவரின் சூடு அதிகம் குறையாது. கண்ணாடியில் வழிந்த நீரைத் துணியால் துடைத்து, அத்துணியை வெளியே பிழிய வேண்டும்.

2. சமைக்கும்போது பாத்திரத்தை மூடி வைத்தல் நன்று. அடுக்களை ஜன்னலைத் திறந்து, உள்ளறைக் கதவைச் சாத்துதல் வேண்டும். சூடான ஆவி மேலே எழுவதால், கூரையை அடுத்த வெண்டிலேட்டர் மிக்க பயன் தரும். பல வீடுகளில் அதைக் காகிதத்தாலும் சாக்காலும் அடைத்து வைத்திருக்கிறார்கள். அதை எடுத்து விடுவதற்குக் காசு செலவில்லை.

3. துணியை இறவாரத்தின் கீழ், வெளித் திண்ணையில் உலர்த்துதல் வேண்டும். வேறு வழியில்லையேல் ஒரே அறையில் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து உலர்த்தலாம்.

4. பீரோ, பெட்டி, கட்டில், அரிசி மூட்டை ஆகியவற்றைச் சுவரிலிருந்து நான்கு அங்குலமாவது தள்ளி வைத்தல் வேண்டும். மூட்டைக்குக் கீழே மரச்சட்டம் இருத்தல் வேண்டும்.

5. தகரக் கூரையின் கீழ்ப் பலகைத் தட்டு அமைப்போர், தகரத்துக்கும் பலகைக்கும் இடையே காற்றுப் போக வழி விடுதல் வேண்டும்.

6. கணப்புச் சட்டியையோ கரியடுப்பையோ மூடிய அறையில் வைத்து உறங்குவது ஒருபோதும் கூடாது. கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை; மணமும் இல்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்று விடும்.

சிலர் அலமாரியில் சுட்ட சுண்ணாம்புக் கல்லை வைப்பதுண்டு. சிறு பெட்டிக்கு அது உதவும். ஆனால் ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு சுமார் 320 கிராம் நீரையே ஏற்கும். அன்றாடம் லிட்டர் கணக்கில் ஆவி உண்டாகும் வீட்டை அதனால் உலர்த்த முடியாது. அதன்மேல் நீர் பட்டால் மிகுந்த சூடு எழும் ஆதலால் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்தலும் அவசியம்.

பற்றிய பூசணத்தை நீக்கும் முறை

சிறு அளவாயின், மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடி, கையுறை அணிந்து, சோப்புக் கலந்த நீரால் தேய்த்துக் கழுவிச் சுவரை நன்றாக உலர விட வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் அறை முழுவதும் பரவும். பிளீச்சிங் பவுடரை ஆசிடுடனோ அம்மோனியா உள்ள திரவத்துடனோ சேர்த்தால் விஷவாயு எழும். ஊறிப் பூசணம் பிடித்த பஞ்சு மெத்தையையும் அட்டையையும் காப்பாற்ற முயல்வது வீண். அவற்றைக் கழித்து விடுவதே நலம். நீர் கொட்டி நனைந்த எப்பொருளையும் 24 முதல் 48 மணிக்குள் உலர்த்தி விட்டால் பெரும்பாலும் பூசணம் பற்றாது.

எல்லாவற்றிலும் தவறான சிக்கனம், பூசணத்தின்மேல் வர்ணம் அடித்து மறைப்பது. ஈரம் நீங்காத சுவரில் வர்ணம் உரியும். பூசணம் மீண்டும் எழும். காரணம் தீர்ந்து சுவர் உலர்ந்தபின், ஈரத்தை அடைத்து வைக்காத சுண்ணாம்பு வெள்ளையே மலைவீட்டு உட்சுவருக்கு ஏற்றது. அதன் காரத்தன்மையும் பூசணத்துக்கு ஆகாது.

இது சுவரின் அழகைப் பற்றிய காரியமன்று

பூசணம் பிடித்த சுவர் கண்ணுக்கு அழகற்றது என்பதோடு காரியம் நின்றுவிட்டால் இவ்வளவு பேச வேண்டுவதில்லை. ஈரமும் பூசணமும் உள்ள வீட்டில் வசிப்போருக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா முதலிய சுவாச வியாதிகள் மிகுதியாக நேருகின்றன என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளில் எடுத்துரைத்துள்ளது. வீட்டிலேயே பெரும்பொழுதைக் கழிக்கும் கைக்குழந்தைகளும் முதியோரும் முதலில் துன்புறுகின்றனர்.

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நகரில், வாடகை வீடொன்றில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் மாண்டது. வீட்டுப் பூசணத்தை நெடுநாள் சுவாசித்ததால் உண்டான கடுஞ் சுவாச நோயே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரில் தீர்ப்பளித்தார். குழந்தையின் தந்தை முன்னரே பலமுறை முறையிட்டிருந்தார். மேலே வர்ணம் அடித்துக் கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. அக்குடும்பத்தார் வாழும் முறையே ஈரத்துக்குக் காரணம் என்றும் வீட்டுக்குடையோர் கருதினர். அவ்வீட்டிலோ காற்று வெளியேறப் போதிய வழி இல்லை. அக்குழந்தையின் பெயரால் அவாபின் சட்டம் என்று வழங்கும் விதிகள் 2025 அக்டோபர் 27 முதல் அங்கே அமலுக்கு வந்தன. அவற்றின்படி, சமூக வாடகை வீடுகளை நடத்துவோர் கடும் ஈரத்தையும் பூசணத்தையும் பற்றிய முறையீட்டைப் பத்து வேலை நாட்களுக்குள் விசாரித்தாக வேண்டும். உடனடி ஆபத்தாயின் 24 மணிக்குள் பரிகாரம் செய்தாக வேண்டும்.

இச்சம்பவத்தின் படிப்பினை மலைநாட்டுக்கும் உரியது. ஈரத்தை உண்டாக்குபவர் வீட்டார் என்று மேலே கூறப்பட்டது. அதைக் கொண்டு வீட்டாரைக் குற்றவாளியாக்குதல் அநியாயம். மூச்சு விடாமலும், உலை வைக்காமலும், குழந்தையின் துணியைத் துவைக்காமலும் எவரும் வாழ முடியாது. வாழ்வோர் உண்டாக்கும் ஈரம் வெளியேற வழி வைத்துக் கட்டுவது கட்டியவர் பொறுப்பு. அவ்வழியை அடைக்காதிருப்பது குடியிருப்போர் பொறுப்பு. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் இவ்வேறுபாடு முக்கியமானது. தொழிலாளருக்கு வீடு தருவதையும் அதைப் பழுது பார்த்து வைப்பதையும் தோட்ட முதலாளியின் கடமையாக 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே விதித்தது. ஜன்னலில்லாத ஓர் அறையில் ஐவரை வைத்துவிட்டு, ஜன்னலைத் திறவுங்கள் என்று உபதேசிப்பதில் பொருளில்லை.

சங்கம் செய்யத்தக்கவை

தனி ஒருவருக்குப் பாரமானதைப் பலர் கூடி எளிதாக்குவதே கூட்டுறவு. காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் சிறு கருவி ஒன்றைச் சங்கம் வாங்கி, வாரம் ஒரு வீடாகச் சுற்றில் விடலாம். நூற்றுக்கு அறுபதுக்குக் கீழே ஈரப்பதம் நிற்க வேண்டும் என்பது பொது விதி. அடுக்களை ஜன்னலைத் திறப்பதற்கு முன்னும் பின்னும் அக்கருவியின் எண் மாறுவதைக் கண்ணால் கண்ட தாய்க்கு வேறு உபதேசம் வேண்டாம். புதிய வீட்டுக்குக் கடன் கேட்போரின் வரைபடத்தில் அடுக்களைக்கும் குளியலறைக்கும் கூரையை ஒட்டிய வெண்டிலேட்டர் உண்டா என்று நிர்வாகக் குழுவினர் ஒரு கேள்வி கேட்கலாம். கட்டும்போது விடும் துவாரத்துக்கு ஆகும் செலவு அற்பம். கட்டிய சுவரை உடைத்து விடுவதற்கு ஆகும் செலவு அதிகம். லயன் வீட்டாரின் முறையீடுகளை ஒருவர் ஒருவராக அன்றி, வீட்டு எண்ணும் தேதியும் குறித்து ஒரே மனுவாக எழுதிக் கொடுக்கவும் சங்கத்தின் எழுத்தறிந்த இளைஞர்கள் முன்வரலாம்.

உறைபனி விழும் காலத்தில் கதவைச் சாத்திக் கம்பளிக்குள் ஒடுங்குவது மனித இயல்பு. காலையில் எழுந்து, கைகள் குளிரில் விறைத்திருக்க, ஜன்னல் தாழைத் திறப்பது சற்றுக் கஷ்டமே. ஆயினும் அந்தப் பதினைந்து நிமிஷம் வீட்டினுள் புகும் காற்று, இரவெல்லாம் சேர்ந்த நீரைத் தன்னுடன் எடுத்துப் போகிறது. தொட்டிலை ஒட்டிய சுவர் உலர்ந்திருக்கும் வீட்டில் குழந்தையின் மூச்சுக்கும் நலம் உண்டு. அங்கத்தினர்கள் இவ்வழக்கத்தை இந்த மார்கழியிலேயே தங்கள் இல்லங்களில் தொடங்கி, அண்டை வீட்டாருக்கும் எடுத்துரைப்பார்களாக.